பத்து நாளில் மாட்டிக் கொடுக்க முடியுமா?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் ஊர் எல்லையைத் தாண்டியதும் கேபிள் நின்றுவிடும். ஃபைபர் வரும் வரும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், நிறைய இடங்களில் இன்னும் வந்தபாடில்லை. அந்த வீடுகளுக்கு இன்டர்நெட் என்றால் ஒன்று செயற்கைக்கோள், இல்லையென்றால் உள்ளூர்க்காரர் ஒருவர் நடத்துகிற சின்ன வயர்லெஸ் கம்பெனி. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலோ, தானியக் கிடங்கின் மேலோ, மாட்டுப் பண்ணைக்காரர் தன் நிலத்தில் நட்டுக்கொள்ளச் சொன்ன கம்பத்திலோ ரேடியோவை மாட்டியிருப்பார்கள். வாடிக்கையாளர் வீட்டுக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஆன்டெனா இருக்கும். பல கம்பெனிகளில் கணவர் டவர் ஏறுவார், மனைவி பில் போட்டுக்கொண்டு ஃபோனும் எடுப்பார். இந்த மாதிரிக் கம்பெனிகளை இங்கே 'விஸ்ப்' என்கிறார்கள்.

மிசௌரி மாநிலத்தின் தெற்கே, ஓசார்க் மலைப்பகுதியில் இருக்கிற சில விஸ்ப்களுக்கு நான் மேப் வேலை செய்து தருகிறேன். எந்தெந்த வீட்டுக்குத் தங்களால் சேவை தர முடியும் என்று வருடத்துக்கு இரண்டு தடவை அவர்கள் எஃப்சிசிக்கு, அதாவது மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையத்துக்கு, கணக்குக் கொடுத்தாக வேண்டும். ஜூன் 30 நிலவரத்தைச் செப்டம்பர் 1-க்குள், டிசம்பர் 31 நிலவரத்தை மார்ச் 1-க்குள். வெளியிலிருந்து பார்த்தால் இது வெறும் படிவம் நிரப்புகிற வேலை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வீடு எந்தப் பக்கம் விழுகிறதோ, அதை வைத்துத்தான் அந்த வீட்டுக்கு அரசுப் பணத்தில் நல்ல இணைப்பு வருமா வராதா என்பது முடிவாகிறது.

பணம் கொஞ்சநஞ்சம் அல்ல. 2021-ல் வந்த உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கென்று ஒதுக்கியது 4,245 கோடி டாலர். 'பீட்' என்று திட்டத்துக்குப் பெயர். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை 2023 ஜூன் 26 அன்று அறிவித்தார்கள். மக்கள்தொகையில் முதல் பதினைந்துக்குள்கூட வராத மிசௌரிக்குக் கிடைத்தது ஏறத்தாழ 173 கோடி டாலர். டெக்சஸ், கலிஃபோர்னியாவுக்கு அடுத்த மூன்றாவது பெரிய தொகை அதுதான். காரணம், பங்கு பிரித்தது முக்கியமாக எஃப்சிசியின் மேப்பை வைத்து. சேவை இல்லாத வீடுகள் மேப்பில் எங்கே அதிகமோ அங்கே பணம் அதிகம். அந்த மேப்பை எஃப்சிசி தானாகப் போய் அளந்து வரையவில்லை. கம்பெனிகள் கொடுத்த கணக்கையெல்லாம் ஒட்டிச் சேர்த்ததுதான் அது.

இதற்கு முன்னால் 477 என்று ஒரு படிவம் இருந்தது. அதில் வீடு என்ற கணக்கே கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்து வைத்திருக்கும் 'பிளாக்'தான் அளவு. நகரத்தில் பிளாக் என்றால் நாலு தெருவுக்கு நடுவில் இருக்கிற ஒரு சதுரம், அவ்வளவுதான். கிராமத்தில் அதே பிளாக், மலை, காடு, ஓடை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு பல சதுர மைலுக்கு விரியும். அதில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தந்தாலும், தர முடியும் என்று சொன்னாலும், பிளாக் முழுவதும் சேவை உள்ள இடம் என்று கணக்கில் ஏறிவிடும். நிறைய விஸ்ப்கள் டவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டம் தொட்ட பிளாக் அத்தனையையும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. படிவம் கேட்டதே அவ்வளவுதான். வட்டத்துக்குள் ஒரு மலைமுகடு குறுக்கே நிற்கிறது, அதற்குப் பின்னால் இருக்கும் இருபது வீட்டுக்கு ஒன்றும் எட்டாது என்பதைச் சொல்வதற்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை.

அந்த முறை எவ்வளவு ஓட்டையானது என்று நாட்டுக்கே தெரியவைத்தது பேரியர்ஃப்ரீ என்ற நியூயார்க் கம்பெனியின் கணக்கு. பெரிய கம்பெனி ஒன்றும் இல்லை. 2017 டிசம்பர் நிலவரத்துக்காக அவர்கள் கொடுத்த கோப்பில் 8 மாநிலங்களில் ஏறத்தாழ 6.2 கோடிப் பேர் வாழும் பிளாக்குகளுக்குத் தாங்கள் சேவை தருவதாக இருந்தது. அதற்கு முந்தைய கணக்கில் அந்தக் கம்பெனியே கிடையாது. எஃப்சிசி அதை அப்படியே சேர்த்துக்கொண்டு, வேகமான இணைப்பு இல்லாத அமெரிக்கர்களின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் 2.61 கோடியிலிருந்து 1.94 கோடியாகக் குறைந்துவிட்டது என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தது. ஃப்ரீ பிரஸ் என்ற தன்னார்வ அமைப்பு தரவைத் தோண்டிப் பார்த்துத் தவறைக் கண்டுபிடித்தது. திருத்தின பிறகு எண்ணிக்கை 2.13 கோடி. அதாவது ஒரு கம்பெனியின் ஒரு கோப்பால் 19 லட்சம் பேர் கணக்கிலிருந்து காணாமல் போயிருந்தார்கள். 2020-ல் எஃப்சிசி அந்தக் கம்பெனிக்கு 1,63,912 டாலர் அபராதம் போட முன்மொழிந்தது.

எனக்கு அந்தக் கம்பெனி மேல் இருக்கிற கோபத்தைவிட, அந்தக் கோப்பை உள்ளே விட்ட முறை மேல்தான் கோபம் அதிகம். ஒரு சின்ன கம்பெனி ஆறு மாதத்தில் 8 மாநிலங்களைப் பிடித்துவிட்டது என்று வந்தால், அதை நிறுத்திக் கேள்வி கேட்பதற்கு ஒருவர்கூட இல்லாமல் இருந்திருக்கிறது.

சரி, இப்போதைய முறைக்கு வருவோம். 2020 மார்ச்சில் ஒரு புதுச் சட்டம் வந்தது. இனி பிளாக் கிடையாது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாகக் கணக்குக் கொடு என்றது அது. காஸ்ட்குவெஸ்ட் என்ற கம்பெனி, வான்வழிப் படங்கள், வரி ஆவணங்கள், முகவரிப் பட்டியல்கள் எல்லாவற்றையும் சேர்த்து, நாடு முழுக்க 11 கோடிக்கும் மேலான கட்டடங்களுக்கு ஒரு புள்ளியும் ஓர் எண்ணும் கொடுத்தது. இந்தத் தொகுப்பை 'ஃபேப்ரிக்' என்கிறார்கள். உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கம்பெனிகளுக்கு இலவசமாகக் கிடைக்கும். 2022 நவம்பர் 18 அன்று இதை அடிப்படையாக வைத்த முதல் மேப் வெளியானது.

நாங்கள் அனுப்புவது ஒரு சாதாரண சிஎஸ்வி கோப்பு, அதாவது வெறும் அட்டவணை. வரிக்கு ஒரு வீடு, எட்டே எட்டுப் பத்தி. கம்பெனியின் எண், பிராண்டின் பெயர், வீட்டின் எண், தொழில்நுட்பக் குறியீடு, விளம்பரப்படுத்தும் அதிகபட்ச டவுன்லோட் வேகம், அப்லோட் வேகம், தாமதம் குறைவாக இருக்குமா என்பதற்கு 1 அல்லது 0, வீடா வியாபாரமா என்பதற்கு ஓர் எழுத்து. அவ்வளவுதான். ஒரு குடும்பத்தின் இன்டர்நெட் எதிர்காலம் அந்த ஒற்றை வரியில் இருக்கிறது.

அந்த வரியை எப்போது எழுதலாம் என்பதற்கு விதி தெளிவாக இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஏற்கெனவே சேவை தந்துகொண்டிருக்க வேண்டும். அல்லது அவர்கள் கேட்ட பத்து வேலை நாளுக்குள், வழக்கமான முறையில், புது டவர் கட்டுவது போன்ற கூடுதல் செலவோ தாமதமோ இல்லாமல் மாட்டிக் கொடுக்க முடிய வேண்டும். விதி முழுவதையும் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன், இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. நாளைக்கு அந்த வீட்டிலிருந்து ஃபோன் வந்தால், பத்து நாளில் போய் மாட்டிவிட்டு வர முடியுமா?

ஃபைபர்க்காரருக்கு இதற்குப் பதில் சொல்வது சுலபம். கம்பி அந்தத் தெருவில் போகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். வயர்லெஸ்காரருக்கு அப்படிச் சொல்ல முடியாது. சிக்னல் ஒரு வீட்டுக்குக் கிடைக்கும், பக்கத்து வீட்டுக்குக் கிடைக்காது. வயர்லெஸ்ஸுக்கு எஃப்சிசி இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, கணினி மாடலை ஓட்டிக் கவரேஜ் படம் வரைந்து அனுப்பலாம். அந்தப் படத்துக்குள் விழுகிற புள்ளியெல்லாம் சேவை உள்ள வீடு என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, வீடுகளின் பட்டியலையே தயாரித்து, எந்த முறையில் தயாரித்தோம் என்ற விளக்கத்தோடு அனுப்பலாம்.

சின்ன கம்பெனிகளில் நிறையப் பேர் படத்தைத்தான் விரும்புவார்கள். மென்பொருளில் டவரின் இடம், உயரம், ஆன்டெனா திசை, சக்தி எல்லாம் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் வண்ண வண்ணமாகப் படம் வந்துவிடும். எஃப்சிசியும் அந்த மாடலுக்குச் சில வரம்புகள் வைத்திருக்கிறது. கவரேஜின் விளிம்பில் சிக்னல் கிடைக்கும் வாய்ப்பு குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். டவரின் கொள்ளளவில் குறைந்தது 50 சதவீதம் பயன்பாட்டில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட வேண்டும். வீட்டு ஆன்டெனாவின் உயரம் 4 முதல் 7 மீட்டருக்குள் இருக்க வேண்டும். வரம்பே இல்லாமல் இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 75 சதவீதம் என்றால் என்ன? விளிம்பில் இருக்கிற நாலு வீட்டில் ஒன்றுக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது. கோப்பிலோ நாலு வீட்டுக்கும் ஒரே மாதிரி வரிதான் போகும். 75 சதவீதம் என்று அதில் எங்கேயும் எழுதியிருக்காது.

ஓசார்க் பகுதியில் மாடலைத் தடுமாற வைப்பது மலையைவிட மரம்தான். மலை நகராது, அதன் உயரம் எல்லா மென்பொருளிலும் சரியாக இருக்கிறது. மரம் அப்படி இல்லை. இங்கே ஓக்கும் ஹிக்கரியும் 20 மீட்டருக்கு மேல் சாதாரணமாக வளரும். வீட்டு ஆன்டெனா 7 மீட்டரில் இருக்கிறது. விஸ்ப்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிற 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இலை என்றாலே ஆகாது. ஈரமான இலை என்றால் இன்னும் மோசம். கண்ணுக்கு டவர் தெரிந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்கக் கூடாது. அலை கம்பி மாதிரி ஒரே கோட்டில் போவதில்லை. 8 கிலோமீட்டர் தூரத்து இணைப்பில், நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 10 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அதில் பெரும்பகுதி காலியாக இருந்தால்தான் இணைப்பு நிலையாக நிற்கும். மரத்தின் நுனி கோட்டைத் தொடவே இல்லை, ஐந்தாறு அடி கீழேதான் இருக்கிறது என்றாலும் மழை நாளில் வேகம் படுத்துவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. கணக்கின் இரண்டு தேதிகளையும் பாருங்கள். ஜூன் 30 அன்று மரமெல்லாம் இலை நிறைந்து நிற்கும். டிசம்பர் 31 அன்று மொட்டை. அதே டவர், அதே ரேடியோ, ஆனால் குளிர்காலத்தில் மாட்டிய ஒரு வீட்டு இணைப்பு ஏப்ரலில் இலை துளிர்க்க ஆரம்பித்ததும் இறங்க ஆரம்பிக்கும், மே மாதத்தில் வாடிக்கையாளர் ஃபோனில் கத்துவார். டிசம்பர் நிலவரம் என்று கேட்டாலும் நான் எப்போதும் இலை இருக்கிற நிலையை வைத்துத்தான் கணக்குப் போடுவேன். குளிர்காலத்தில் வேலை செய்து இலை வந்ததும் படுத்துவிடுகிற இணைப்பைச் சேவை என்று எழுத எனக்கு மனம் ஒப்பாது.

நிலத்தில் எங்கே காடு, எங்கே வயல் என்பதற்கு மாடல்கள் வழக்கமாக எடுத்துக்கொள்வது 30 மீட்டர் கட்டம் போட்ட ஒரு தேசியத் தரவுத்தொகுப்பை. காடா இல்லையா என்று அது சொல்லும். மரத்தின் உயரத்தைச் சொல்லாது. இரண்டு வயலுக்கு நடுவில் ஒற்றை வரிசையாக நிற்கிற மரங்கள் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. விமானத்திலிருந்து லேசரால் அளந்த லைடார் தரவை வைத்து வேலை செய்கிற புது மென்பொருள்கள் இதில் எவ்வளவோ தேவலை, ஒவ்வொரு மரத்தின் உயரமும் அதில் இருக்கிறது. ஆனால் அதற்கு டவருக்கு இவ்வளவு என்று மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இருநூறு வாடிக்கையாளர் வைத்திருக்கிற கம்பெனி யோசிக்கத்தான் செய்யும்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு விஸ்ப்பிலும் எந்த மென்பொருளையும்விட நல்ல ஒரு தரவு ஏற்கெனவே இருக்கிறது. அதைத்தான் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. போய்ப் பார்த்து, முடியாது என்று திரும்பி வந்த வீடுகளின் பட்டியல்.

நான் வேலை செய்கிற ஒரு கம்பெனியில் இணைப்பு மாட்டப் போகிறவர் அறுபது வயதைத் தாண்டியவர். ஏணி, பைனாகுலர், ஒரு நீளக் கம்பத்தின் நுனியில் சோதனை ரேடியோ, இவ்வளவுதான் அவருடைய கருவிகள். வீட்டுக்குப் போய்க் கூரையின் நாலு மூலையிலும் கம்பத்தைத் தூக்கிப் பார்ப்பார். சிக்னல் கிடைக்கவில்லை என்றால் வேலைச் சீட்டில் 'நோ எல்ஓஎஸ்' என்று எழுதிவிட்டு வந்துவிடுவார். டவர் பார்வைக்கு எட்டவில்லை என்று அர்த்தம். அலுவலகத்தில் அந்தச் சீட்டை 'ரத்து' என்று மூடிவிடுவார்கள். பில் போடுகிற மென்பொருளுக்கு, மனம் மாறி வேண்டாம் என்று சொன்னவரும் ரத்துதான், சிக்னலே எட்டாதவரும் ரத்துதான். காரணம் சீட்டின் அடியில் குறிப்பாகக் கிடக்கும், கணக்குக் கொடுக்கும்போது யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள்.

அவரிடம் ஒருநாள் மாடல் வரைந்த படத்தை லேப்டாப்பில் காட்டினேன். ஒரு பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை, அதாவது சிக்னல் எட்டும் என்று. அவர் விரலை அங்கே வைத்து, இதற்குள்ளே ஒருத்தருக்கும் கிடைக்காது என்றார். கம்பெனி உரிமையாளர் மறுத்தார், அங்கேதான் நமக்கு ஒரு வாடிக்கையாளர் இருக்கிறாரே என்று. பெரியவர் பொறுமையாக விளக்கினார். அந்த வாடிக்கையாளருக்கு நம் டவரிலிருந்து நேராகச் சிக்னல் போகவில்லை. எதிர் மேட்டில் இருக்கிற ஒரு தொழுவத்தின் கூரையில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்புகிற சின்ன ரிப்பீட்டர் வைத்திருக்கிறோம். தொழுவக்காரருக்கு இன்டர்நெட் இலவசம், அதுதான் வாடகை. அந்தக் கூரையைப் பார்த்தபடி இருக்கிற இரண்டு வீட்டுக்கு மட்டும் எட்டும், மற்ற வீடெல்லாம் மேட்டின் தோளுக்குப் பின்னால். மாடலில் அந்தத் தொழுவமே இல்லை. அப்படியிருந்தும் பள்ளத்தாக்கு பச்சையாக இருந்ததற்குக் காரணம், மேட்டின் மேல் நிற்கிற காட்டை அது வெறும் புல்வெளி என்று எடுத்துக்கொண்டிருந்தது.

படமாக அனுப்பியிருந்தால் அந்தப் பள்ளத்தாக்கின் அத்தனை வீடும் சேவை உள்ள வீடு. பட்டியலாக அனுப்பினதால் இரண்டே வீடு. இதனால்தான் சின்ன கம்பெனி எதுவானாலும் பட்டியலாகக் கொடுங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மாடலைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ரத்தான சீட்டுகளை எல்லாம் திறந்து, 'நோ எல்ஓஎஸ்' என்று வந்த முகவரிகளை ஃபேப்ரிக் எண்ணோடு பொருத்தி, அந்த வீடுகளை நீக்க வேண்டும். அதோடு விட்டுவிடக் கூடாது. நீக்கிய வீட்டைச் சுற்றி, அதே முகட்டுக்கோ அதே மரக்கூட்டத்துக்கோ பின்னால் வேறு எந்த வீடுகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூரை ஏறுகிறவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தால் வேலை பாதியாகக் குறையும். சாலையை வைத்து, பண்ணையை வைத்து, யார் வீடு என்பதை வைத்து அவருக்கு அந்த நிலமெல்லாம் மனப்பாடம்.

இதற்கு உரிமையாளர்களிடமிருந்து வருகிற எதிர்ப்பு எனக்குப் புரியாமல் இல்லை. நீ விட்டுவிடுகிற ஒவ்வொரு வீடும் மேப்பில் சேவை இல்லாத வீடாகிவிடும், அரசாங்கப் பணத்தில் இன்னொருத்தன் வந்து அங்கே ஃபைபர் போடுவான், அதே கம்பி என் வாடிக்கையாளர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும், அப்புறம் நான் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பார்கள். பொய்யான பயம் அல்ல அது. யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில் கைக்காசைப் போட்டு டவர் நட்டவர்கள் அவர்கள். இருந்தாலும், முடியாது என்று நாமே திரும்பி வந்த ஒரு வீட்டை முடியும் என்று எழுதினால், அந்த வீட்டுக்காரருக்கு நம் சேவையும் கிடையாது, வேறு யாரும் வரவும் வழி கிடையாது. போட்டியாளருக்கு மானியம் போகக் கூடாது என்பதற்காகத் தன் கவரேஜை வேண்டுமென்றே பெரிதாகக் காட்டிய ஓஹையோவின் சின்ன கேபிள் கம்பெனி ஒன்று 2024-ல் எஃப்சிசியோடு 10,000 டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. தொகை சின்னது. ஆனால் இந்த மாதிரிக் கணக்கின் பின்னால் இருக்கிற நோக்கத்தை அந்த வழக்கு வெளிப்படையாகக் காட்டியது.

வேகத்தின் கதையும் இதேதான். கோப்பு கேட்பது விளம்பரப்படுத்தும் அதிகபட்ச வேகத்தை. டவருக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு 100 மெகாபிட் கிடைக்கும், அதே ஆன்டெனாவின் கடைக்கோடி வீட்டுக்கு 25 கிடைத்தாலே பெரிது. இரண்டுக்கும் 100 என்று எழுதுவது சுலபம். ஆனால் பீட் கணக்கில் 25/3-க்கு, அதாவது டவுன்லோட் 25, அப்லோட் 3 மெகாபிட்டுக்குக் கீழே இருந்தால் சேவை இல்லாத வீடு, 100/20-க்குக் கீழே இருந்தால் சேவை போதாத வீடு. சும்மா 100 என்று எழுதினால் அந்தக் கடைக்கோடி வீடு இரண்டு பட்டியலிலிருந்தும் விழுந்துவிடும். இதற்கு மேல் கொள்ளளவு என்று ஒன்று இருக்கிறது. ஓர் ஆன்டெனா சில டஜன் வீடுகளைத்தான் நல்லபடியாகத் தாங்கும். அதன் கவரேஜுக்குள் சில நூறு வீடுகள் இருக்கலாம். ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியாகக் கேட்டால் பத்து நாளில் மாட்டிவிடலாம் என்பது உண்மை, எல்லா வீட்டையும் சேர்த்துக் கேட்டால் அது நடக்காத காரியம். இன்றைய விதியில் இதைச் சொல்வதற்குப் பத்தியே கிடையாது. ஆன்டெனா நிரம்பிவிட்டது, புது இணைப்பு எடுப்பதில்லை என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே, அதே வீடுகளைக் கோப்பில் எழுதிக் கொடுக்கிற கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். நிரம்பிய ஆன்டெனாவின் வீடுகளைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. எஃப்சிசி இதை விதியாகவே போட வேண்டும்.

தொழில்நுட்பக் குறியீடு வேறு ஒரு தலைவலி. உரிமம் தேவைப்படாத அலைவரிசை என்றால் 70, உரிமம் பெற்றது என்றால் 71, 3.5 கிகாஹெர்ட்ஸில் விதிப்படி உரிமம் உள்ளதாகக் கருதப்படுவது 72. பீட் திட்டம் தொடங்கியபோது 70 மட்டும் இருக்கிற வீட்டை நம்பகமான சேவை இல்லாத வீடு என்றே வைத்தார்கள். ஒரு விஸ்ப் எவ்வளவு ஒழுங்காகச் சேவை தந்தாலும் கணக்கில் பூஜ்யம். 2025 ஜூன் 6 அன்று விதியை மாற்றினார்கள். 70-காரர்கள் தங்கள் சேவை போதுமானது என்று நிரூபிக்க முன்வரலாம், ஆனால் 7 நாளுக்குள் அதைச் சொல்லியாக வேண்டும் என்றார்கள். கணவனும் மனைவியும் மட்டும் நடத்துகிற கம்பெனிக்கு 7 நாள் என்பது கொடுமை. ஏற்கெனவே வீடு வீடாகப் பட்டியலும் சிக்னல் பதிவும் வைத்திருந்தவர்களால்தான் அந்த அவசரத்துக்கு நிதானமாக ஈடுகொடுக்க முடிந்திருக்கும். கணக்கைக் கொடுப்பதற்கு முன் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் சான்றளிக்க வேண்டும் என்ற விதியும் சின்ன கம்பெனிகளை இப்படித்தான் திணறடித்தது. உரிமம் பெற்ற ரேடியோ பொறியாளர்கள் போதுமான அளவு கிடைக்காததால் 2022-ல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அமெரிக்காவில் ஊருக்கு வெளியே வீடு வாங்கியிருப்பவர்கள், வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். எஃப்சிசியின் தேசிய பிராட்பேண்ட் மேப்பில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்குச் சேவை தருவதாக யார் யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், என்ன வேகம் என்று வரும். அந்தக் கம்பெனிகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு இணைப்புக் கேளுங்கள், முடிந்தால் ஈமெயிலிலும் கேளுங்கள். முடியாது என்றோ, சிக்னல் எட்டாது என்றோ, கூடுதலாகப் பணம் கட்டினால்தான் முடியும் என்றோ பதில் வந்தால், பத்து வேலை நாளில் ஆள் வரவில்லை என்றாலும்கூட, அதே மேப் பக்கத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யலாம். கேட்ட தேதியையும் வந்த பதிலையும் இணைத்துவிடுங்கள். கம்பெனி 60 நாளுக்குள் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மறுக்க வேண்டும். மறுத்தால் இரு தரப்பும் பேசித் தீர்க்க இன்னொரு 60 நாள், அதிலும் தீரவில்லை என்றால் எஃப்சிசி முடிவு செய்யும். நிரூபிக்கிற பொறுப்பு கம்பெனியுடையது, உங்களுடையது அல்ல.

வீடு மேப்பில் புள்ளியாகவே இல்லை என்றாலும், தொழுவத்தின் மேல் புள்ளி வைத்திருந்தாலும், அதற்குத் தனி ஆட்சேபம் இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். புள்ளி இல்லாத வீட்டைப் பற்றி எந்தக் கம்பெனியும் வரி எழுத முடியாது.